இன்னொரு பெயர் இருக்கும்

பையை மேலே போடாதீர்கள் தம்பி, மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இந்த ரோட்டில் மேலே வைத்தது எதுவும் மேலே நிற்காது. லேப்டாப்தானே உள்ளே? பையைப் பார்த்தாலே தெரிகிறது. கம்ப்யூட்டர் வேலையா? அப்படியென்றால் ஒன்று கேட்கிறேன், சிரிக்கக் கூடாது. ஹார்ட் லிங்க் என்றால் என்ன?

தலையாட்டுகிறீர்கள். எனக்கும் தெரியும். லாரி ஓட்டிப் பிழைத்தவன், எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன், ஆனால் அது என்னவென்று உங்களுக்கே பாடம் எடுப்பேன். அந்த எழவால்தான் என் பையன் பாளையங்கோட்டை ஜெயிலில் கிடக்கிறான். அவனைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். சங்கரன்கோவில் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது. நீங்களும் அங்கேதானா? நல்லதாகப் போயிற்று. கேளுங்கள். கேட்டுவிட்டு நான் கெட்டவனா இல்லையா என்று சொல்லுங்கள். ஐம்பத்தைந்து வயதில் தினமும் இதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் வருகிறது, மறுநாள் வேறு பதில் வருகிறது.

என் பெயர் பிச்சையா. லாரி செட்டுப் பிச்சையா என்றால் சங்கரன்கோவிலில் தெரியாதவர்கள் கிடையாது. ஒரே பையன், இசக்கிராஜா. வீட்டில் ராசா. அவன் தாய்மாமன் நயினார். முழுப்பெயர் ஆறுமுகநயினார். என் பெண்டாட்டிக்குத் தம்பி. மச்சான் என்றால் அப்படி ஒரு மச்சான் யாருக்கும் வாய்க்கமாட்டான். என் பையனை மடியில் வைத்துக் காது குத்தியவன். இந்த விவகாரத்தில் ஆரம்பத்திலிருந்து என்னை ஒரு நாளும் தனியாக விட்டதில்லை. இன்றைக்குக்கூட பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு வந்து நிற்பான்.

என் அண்ணன் மகன் கல்யாணத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மண்டபம் பெண்வீட்டார் பிடித்தது, சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. முகூர்த்தம் முடிந்ததும் முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரைத்தான் உட்கார வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. நாங்கள் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் எல்லா இலையிலும் பெண்வீட்டு ஆட்கள். எழுந்திருங்கள் என்றால் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆவுடையப்பன் என்று ஒருவன், பெண்ணுக்குச் சித்தப்பா மகன், சாம்பார் வாளியோடு நின்றுகொண்டு, "லாரிக்காரங்களுக்கு அடுத்த டிரிப்பு இருக்கு, பொறுங்க" என்றான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அங்கேயும் பெண்வீட்டார் அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. முதலில் வாளி பறந்தது. கொதிக்கிற சாம்பார் ஒரு பெரியவர் தோளில் கொட்டி, அவர் போட்ட சத்தத்தில் மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள். வந்தவர்களும் ஆளுக்கு ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு அடித்தார்கள். நான் வாசலில் சம்பந்தியின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதனால் உள்ளே நடந்ததைப் பார்க்கவில்லை. போய்ப் பார்த்தபோது ஆவுடையப்பன் சோற்றுக்குள் கிடந்தான். மண்டை திறந்து ரத்தம் சோற்றில் ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் பையன், கையில் மடக்குகிற இரும்பு நாற்காலி. நாற்காலியின் காலில் முடி ஒட்டியிருந்தது.

"அத்தான், ராசா அடிச்சிட்டான்" என்று என் காதில் முதலில் சொன்னவன் நயினார்தான். அவன் சொல்லாவிட்டால் எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் ஓடியிருக்காது. அவனே பையனிடமிருந்து நாற்காலியை வாங்கித் தூரப் போட்டு, எங்கள் இரண்டு பேரையும் சமையல்கட்டு வழியாக வெளியே கொண்டுவந்தான்.

வீட்டுக்கு வந்து பையனைக் கேட்டேன். நான் அடிக்கலப்பா, நான் புடுங்கினேன் என்றான். யார் கையிலிருந்துடா என்றேன். மாமனைப் பார்த்தான். அப்படியே தலையைக் குனிந்துகொண்டான். தூக்கி வளர்த்த மாமன் முன்னால் பொய் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். பெல்ட்டைக் கழற்றி நான் அடித்த அடியில் அவன் அம்மா குறுக்கே விழுந்து அவளுக்கும் முதுகு தடித்துப்போயிற்று. செய்ததைச் செய்தேன் என்று சொல்லிவிட்டால் நான் எதற்கு அடிக்கப்போகிறேன்? அதிலிருந்து பையன் வாயே திறக்கவில்லை.

ஆவுடையப்பன் மதுரையில் ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தான். அவன் பிழைத்துவிடுவான், பேசி முடித்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் அங்கும் இங்கும் நடந்தார்கள். ஒரு மாதம் போல அப்படியே ஓடியது. பிறகு அவன் செத்துப்போனான். கொலைக் கேஸ் ஆகிவிட்டது. கல்யாணத்தைப் படம் எடுத்தவன் யார் என்று போலீஸ் விசாரிக்கிறதாம் என்று நயினார்தான் கேள்விப்பட்டு வந்தான். படம் அவங்க கைக்குப் போச்சுன்னா ராசா கதை முடிஞ்சது அத்தான் என்றான். சொல்லும்போது அவனுக்கு உதடு நடுங்கியது. அப்படிப் பாசம்.

படம் எடுத்தவன் கோமதிநாயகம். வீட்டிலேயே முன் அறையில் கம்ப்யூட்டர் வைத்துப் படத்தை வெட்டி ஒட்டிக் கொடுப்பவன். தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே நின்றால் இடதுகைப் பக்கம் இரண்டாவது கதவு என்று வழி சொன்னார்கள். நாங்கள் போனது தொட்டிக்குப் பின்பக்கமாக. அங்கிருந்து இடதுகைப் பக்கம் இரண்டாவது கதவைத் திறந்தால் ஒருத்தர் கழுத்தில் இஞ்ச் டேப்போடு உட்கார்ந்திருக்கிறார். நயினார் அந்த டேப்பைப் பிடித்தே தூக்கிவிட்டான். படம் எங்கடா என்றான். எந்தப் படம்யா, நான் தியேட்டருக்குப் போயே வருசமாச்சு என்றார் அந்த ஆள். எங்களை நக்கலடிக்கிறான் என்று நினைத்து நான் வாயில் ஒன்று விட்டேன். இரண்டு பல் தரையில் விழுந்து ஓடின. அப்புறம் அவர் சம்சாரம்தான் அலறிக்கொண்டு வந்து, இவர் டெய்லர், படக்காரர் வீடு அந்தப் பக்கம் என்றாள். ஒரு நாள் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். தையல்காரருக்குப் பல் முக்கியம், நூல் கடிக்க வேண்டும். இப்படியெல்லாம் நான் யோசிக்கிறவன் தம்பி. யோசிக்காமல் திரிகிற முரடன் இல்லை.

கோமதிநாயகம் எங்களைப் பார்த்ததும் வாங்க அண்ணாச்சி என்று எழுந்து நின்றான். ஒல்லி ஆள், கண்ணாடி போட்டவன். விஷயத்தைச் சொன்னேன். முதலில் ஒரு அறை விட்டுவிட்டுத்தான் சொன்னேன், அது இந்த மாதிரி விஷயங்களில் நேரத்தை மிச்சம் பண்ணும். அவன் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, அழிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி, பாத்துட்டு முடிவு பண்ணுங்க என்றான். நயினார் அவன் வாயிலேயே குத்தினான். நானும் பார்க்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். பெற்ற பிள்ளை ஒருவன் மண்டையைப் பிளப்பதை எந்தத் தகப்பன் உட்கார்ந்து பார்ப்பான்? பார்த்திருக்க வேண்டுமோ என்று இப்போது சில நேரம் தோன்றுகிறது. தோன்றி என்ன செய்ய.

அழித்தான். எங்கள் கண் முன்னாலேயே அழித்தான். அத்தோடு நாங்கள் எழுந்து வந்திருப்போம். வேற எங்கயும் இருக்கா என்று நயினார் கேட்டான். இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்த ஆளுக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவனுக்குப் பொய் வரவில்லை. பேக்கப்புல இருக்கு என்றான்.

இன்னொரு டிஸ்க்கைக் காட்டினான். திறந்தால் தேதி தேதியாகப் போல்டர். கல்யாணத்துக்கு மறுநாளில் இருந்து அன்றைய தேதி வரை, நாளுக்கு ஒன்று. ஒன்றைத் திறந்தான், எங்கள் கல்யாணம் இருக்கிறது. அடுத்ததைத் திறந்தான், அதிலும் இருக்கிறது. எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அதே பெண் அதே மாலையோடு சிரிக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்துவிட்டது. ஒரு கல்யாணத்துக்கு எதுக்குடா இத்தனை காப்பி, தெருவுக்குத் தெரு விற்கவா என்று கேட்டேன்.

அப்போதுதான் அவன் அதைச் சொன்னான். "இது அத்தனை காப்பி இல்ல அண்ணாச்சி. படம் ஒண்ணுதான். அதுக்கு அத்தனை பேரு."

நீங்கள் சொல்லுங்கள். கண்ணுக்கு முன்னால் வரிசையாக நிற்கிறது, ஒன்றுதான் என்கிறான். ரத்தம் வழிகிற வாயை வைத்துக்கொண்டு நம்மை முட்டாளாக்குகிறான் என்றுதானே தோன்றும்? அவன் தலைமுடியைப் பிடித்து மேசைக் கண்ணாடியில் நான் இரண்டு தடவை மோதினேன். கண்ணாடி விரிந்துவிட்டது. அவன் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தான், ஹார்ட் லிங்க் அண்ணாச்சி, ஹார்ட் லிங்க், வேணும்னா டிஸ்க்குல எவ்வளவு இடம் பிடிச்சிருக்குன்னு பாருங்க என்று. அப்ப ஒவ்வொரு பேரா வெட்டு என்றான் நயினார்.

வெட்டினான். முதல் தேதியில் அழித்தால் அடுத்த தேதியில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அதை அழித்தால் அதற்கடுத்த தேதியில் நிற்கிறாள். அழிக்க அழிக்க வருகிறாள். நயினாருக்கு வெறி ஏறிவிட்டது. தேதிக்கு ஒரு அடி என்று கணக்கு வைத்த மாதிரி, ஒரு போல்டர் போனால் ஒரு அடி. கேமரா நிறுத்துகிற மூன்று கால் ஸ்டாண்டு ஒன்று மூலையில் இருந்தது, அதை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டான். தோளில், முதுகில், விலாவில். ரத்தம் கீபோர்டில் சொட்டியது. வேலை நிற்கக் கூடாது என்று நயினார் அவன் சட்டை நுனியாலேயே துடைத்துவிட்டான். கடைசிப் போல்டரில் அழித்தபிறகு கோமதிநாயகம் சொன்னான், இப்பதான் அண்ணாச்சி படம் செத்தது, இதுவரைக்கும் அது சாகல என்று. சொல்லிவிட்டு அழுதான். அடி வலியில் அழுகிறான் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது, இனிமே இவன் கேமராவைத் தொடக்கூடாது என்று சொல்லி நயினார் அவன் வலது கை விரல்களை மேசை டிராயருக்குள் வைத்துக் காலால் மூடினான். ஈர்க்குச்சி ஒடிகிற மாதிரிதான் சத்தம், பெரிய சத்தமில்லை. நான் வேண்டாம் என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தமாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. இதை நினைத்து எத்தனையோ தடவை புரண்டு படுத்திருக்கிறேன். நீங்களே சொல்லுங்கள், அந்த இடத்தில் மச்சானைத் தடுத்தால், எனக்காக வந்தவனை அவமானப்படுத்தின மாதிரி ஆகாதா?

அப்புறம்தான் கெடுதல் வந்தது. பெண்வீட்டாரில் எவனோ ஒருவன் போனில் எடுத்த துண்டுப் படம் போலீசுக்குப் போய்விட்டது. கண் மூடித் திறக்கிற அளவுக்குத்தான் ஓடும். அதில் ஆவுடையப்பன் கீழே கிடக்கிறான், என் பையன் நாற்காலியோடு நிற்கிறான். அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து பையனை இழுத்துக்கொண்டு போனார்கள். ஜீப்பில் ஏற்றும்போதே ஒரு போலீஸ்காரர் துப்பாக்கிக் கட்டையால் அவன் இடுப்பில் இடித்தார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அடிபட்ட நாய் பார்க்கிற பார்வை.

ஜெயிலில் போய்ப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அன்றைக்குத்தான் வாயைத் திறந்தான். என்ன சொன்னான் தெரியுமா? "மாமா கையில இருந்துதாம்பா புடுங்கினேன். அதுக்கு மேல அவர் அடிச்சிரக் கூடாதுன்னுதான் புடுங்கினேன்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. கம்பி வலை நடுவில் இருந்ததால் பிழைத்தான். நான் அறைந்த அறை வலையில் விழுந்து, இதோ பாருங்கள், உள்ளங்கையில் தழும்பு. வார்டன் வந்து என்னைப் பிடித்துத் தள்ளினார். ஜெயில் சோறு தின்றதில் பையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது தம்பி. வேறு யார் மேலாவது போட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நயினாருக்கும் ஆவுடையப்பனுக்கும் செங்கல் சூளை விஷயத்தில் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, போலீஸ் ஸ்டேஷன் வரை போயிருந்தது, உண்மைதான். ஒரு தடவை ஆவுடையப்பன் சந்தையில் வைத்து இவனைச் செருப்பால் அடித்தான். ஆனால் அது வேறு கதை. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் ஒன்று எனக்குப் பிடிபட்டது. பையன் புடுங்கியது நிஜமாக இருக்கலாம். அடித்தவன் மூன்றாவது ஆள் எவனோ. கூட்டத்தில், சாம்பார் ஆவியில், பையன் மாமனென்று தப்பாக நினைத்திருக்கலாம். முழுப் படம் இருந்தால் அந்த மூன்றாவது ஆள் தெரிவான். பையன் வெளியே வருவான், மாமனைப் பற்றிச் சொன்னதற்கு அவனே காலில் விழுந்து அழுவான். அந்தப் படத்தைத்தான் நாங்கள் தேதி தேதியாக அடித்து அழித்திருந்தோம்.

கோமதிநாயகம் வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். நயினார் அன்று ஊரில் இல்லை. பழம் வாங்கிக்கொண்டு போனேன், ஆப்பிளும் சாத்துக்குடியும். கதவைத் திறந்த அவன் பெண்டாட்டி உள்ளே போய் அரிவாளோடு வந்தாள். இன்னொரு அடி விழுந்தா உன் கழுத்து தனியா முண்டம் தனியா போகும் என்றாள். அந்தக் கையில் நடுக்கமே இல்லை. அவள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. கோமதிநாயகம்தான் அவளை உள்ளே அனுப்பினான். கை மாவுக்கட்டில் இருந்தது. இடதுகையால் மவுஸைப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தான்.

படத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னான். அன்றைக்குத்தான் எனக்கு அது முழுதும் விளங்கியது. உங்க பையனுக்கு வீட்டில ராசா, பள்ளிக்கூடத்துல இசக்கிராஜா, போலீஸ்ல முதல் எதிரி. ஆள் ஒண்ணுதானே அண்ணாச்சி என்றான். தினமும் பேக்கப் ஓடும்போது மாறாத படத்தை மறுபடி காப்பி எடுக்காது, இருக்கிற படத்துக்கே புதுசாக ஒரு பெயர் வைத்துவிடும், டிஸ்க் நிரம்பாது. ஒரு பெயரை அழித்தால் அந்தப் பெயர்தான் போகும். கடைசிப் பெயரும் போனால்தான் படம் போகும். நாங்கள் கடைசிப் பெயர் வரைக்கும் போய்விட்டோம்.

நிஜமாகவே இரண்டு காப்பி வைத்திருந்தால் என்ன கேடு என்று கேட்டேன். அப்படி ஒண்ணு ஒரு நாள் தானா நடந்துச்சு என்றான். ஒரு தேதியில் பேக்கப் ஓடியது, ஆனால் அந்தத் தேதிக்குப் போல்டரே காணோம், டிஸ்க்கில் இடம் மட்டும் திடீரென்று குறைந்திருந்தது, ஏன் என்று தேடிக்கொண்டிருந்தானாம், அதற்குள் நாங்கள் வந்துவிட்டோம் என்றான். போய்ச் சேர வேண்டிய இடத்தை அவன் முழு விலாசமாக எழுதவில்லையாம், இங்கிருந்து இப்படிப் போ என்று எழுதி வைத்திருந்தானாம். நிற்கிற இடத்தை வைத்துச் சொல்கிற வழி. அன்றைக்கு அந்த மெஷின் வேறு இடத்தில் நின்றுகொண்டு அதே வழியில் நடந்திருக்க வேண்டும், எங்கே போய் இறக்கியதோ என்றான். அவன் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. டெய்லர் வீட்டுக் கதவைத் திறந்தவனுக்கு அது புரியாதா?

தேடுறேன் அண்ணாச்சி என்றான். அப்புறம் குரலை இறக்கி, "நாந்தானே கேமரா பிடிச்சேன். உங்க பையன் இல்ல" என்றான். யாருடா என்றேன். நான் வாயால சொல்லமாட்டேன், படம் கிடைச்சா நீங்களே பாத்துக்கோங்க, சொன்னா என்னைக் கொன்னுருவாங்க என்றான். யார் கொல்லுவாங்க, நான் இருக்கேன்ல என்று அவன் தோளில் தட்டிக்கொடுத்தேன். தட்டினதில் வலித்திருக்கும் போல, முகம் சுருங்கியது.

நாலைந்து நாளில் போன் வந்தது. கிடைத்துவிட்டது. எங்கோ ஒரு மூலைப் போல்டரில், வேறு பெயருக்கடியில், தலை முதல் கால் வரை முழுக் கல்யாணம். ரோட்டோரம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் அவன் கூடவே ஒன்று சொன்னான். நீங்க மட்டும் தனியா வாங்க அண்ணாச்சி, கூட யாரையும் கூட்டிட்டு வராதீங்க என்றான்.

அது எனக்குப் பிடிக்கவில்லை. தனியாக வா என்றால் என்ன அர்த்தம்? கையை உடைத்த கோபம் இருக்கும், ஆள் வைத்திருப்பான். என் இடத்தில் யாராக இருந்தாலும் சந்தேகம் வருமா வராதா? நயினாரிடம் சொன்னேன். அவன் முகம் செத்துப்போய்விட்டது. எனக்கு ஒன்று என்றால் அவன் முகம் அப்படித்தான் ஆகும். நீங்க போகக் கூடாது அத்தான், நான் போய் வாங்கிட்டு வாரேன் என்றான். எனக்கு அன்று வக்கீல் வரச் சொல்லியிருந்தார். போகச் சொல்லிவிட்டேன்.

போனவன் சட்டையெல்லாம் ரத்தமாகத் திரும்பி வந்தான். டிஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தானாம், அதில் ஒன்றுமே இல்லையாம், வெறும் டிஸ்க்காம். அந்தப் படக்காரன் நம்மை வைத்து விளையாடியிருக்கான் அத்தான் என்றான். கோபத்தில் டிஸ்க்கைச் செங்கல் சூளைக் கிணற்றில் வீசிவிட்டான். கம்ப்யூட்டரையும் கடப்பாரையால் உடைத்துவிட்டான். கோமதிநாயகத்துக்குத் தாடை இரண்டாகப் போய் இப்போது ஆஸ்பத்திரியில் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பேச முடியாதாம்.

இன்றைக்குப் பையனிடம் இதைச் சொன்னேன். படம் கிடைத்தது, மாமனை அனுப்பினேன், அந்தப் பாவி ஏமாற்றிவிட்டான் என்று.  பையன் நெற்றியைக் கம்பி வலையில் மோதினான். ஒரு தடவை இல்லை, மோதிக்கொண்டே இருந்தான். தோல் கிழிந்து வலையெல்லாம் ரத்தம். இரண்டு வார்டன்கள் சேர்ந்து இழுத்தார்கள். போகும்போது, இனிமே என்னைப் பாக்க வராதே என்றான். பெற்ற தகப்பனைப் பார்த்து. நான் என்ன செய்யவில்லை அவனுக்கு? இதைத்தான் பஸ் ஏறினதில் இருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். எந்த இடத்தில் நான் தப்பு செய்தேன்? டெய்லரை அடித்தது தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன். பையனைப் பெல்ட்டால் அடித்தபோது பெண்டாட்டி மேல் பட்டது, அதுவும் தப்பு. வேறு என்ன?

என்ன சொல்கிறீர்கள்? மச்சானையா? வக்கீலும் இதே மாதிரித்தான் இழுத்தார், அவரை மாற்றிவிட்டேன். நீங்கள் படித்தவர், வயதில் சின்னவர், அதனால் பொறுத்துக்கொள்கிறேன். ரத்த உறவு என்றால் என்னவென்று உங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

நான் முடிவு பண்ணிவிட்டேன். அந்தப் படத்துக்கு இன்னொரு பெயர் இருக்கும். அன்றைக்கும் எல்லாம் போய்விட்டது என்றுதான் அழுதான், அப்புறம் ஒன்று வந்ததா இல்லையா? அவன் மாதிரி ஆள் ஒன்றை ஒரே இடத்தில் வைக்கமாட்டான். இறங்கினதும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறேன். பேச முடியாவிட்டால் பரவாயில்லை. நான் ஒவ்வொரு இடமாகக் கேட்கிறேன், அவன் தலையை ஆட்டட்டும். ஆட்டாவிட்டால் ஆட்ட வைக்கத் தெரியும். கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடக்கிற ஆளிடம் பேசுவது சுலபம்.

என்னது? தண்ணீரில் விழுந்த டிஸ்க்கில் இருந்துகூட எடுக்கலாமா? நிஜமாகவா? காய வைக்காமல், கரண்ட் கொடுக்காமல், அப்படியே கொண்டுபோனால் எடுத்துத் தருகிற ஆட்கள் இருக்கிறார்களா? தம்பி, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? சூளைக் கிணறு ஆழம்தான், ஆனால் நயினார் நீச்சலில் பெரிய ஆள். சொன்னால் இப்போதே இறங்கிவிடுவான்.

ஊர் வந்துவிட்டது. அதோ, டீக்கடைக்கு முன்னால், வண்டி மேல் உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள், நீலச் சட்டை. அவன்தான். பின் சீட்டில் எதையோ சாக்கில் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்கும் அவன் கூட வருகிறேன் என்றிருக்கிறான், என்னைத் தனியாக விடமாட்டான். நீங்கள் இறங்கி வந்து எனக்குச் சொன்னதை அவனிடம் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் பாதியை மறந்துவிடுவேன். டிஸ்க்கை எப்படி எடுக்க வேண்டும், யாரிடம் கொண்டுபோக வேண்டும், எல்லாம் அவனிடமே விவரமாகச் சொல்லுங்கள். உங்கள் பெயரும் போன் நம்பரும் அவனிடம் கொடுங்கள்.

வாருங்கள். ஏன் தம்பி எழுந்திருக்கவில்லை? நீங்களும் இந்த ஊர்தான் என்றீர்களே.